நகையைக் கழற்றியாயிற்று, அப்புறம்?

கேள்வி: மனந்திரும்பிய நாளிலிருந்து நான் நகை போடுவதில்லை. எளிமையாக உடுத்துகிறேன், ஆராதனையைத் தவறவிடுவதும் இல்லை. ஆனால் எங்கள் சபையில் சிலர் ஆடம்பரமாக வந்து முன்வரிசையில் உட்காருகிறார்கள். போதகர் கண்டும் காணாமல் இருக்கிறார். அவர் கண்டிக்க வேண்டாமா?

பதில்: நகையைக் கழற்றியதில் தவறே இல்லை. உங்கள் மனச்சாட்சி அப்படிச் சொன்னால் அப்படியே இருங்கள். ஆனால் கழற்றிய கையோடு அடுத்தவர் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்களே, அதுதான் இடிக்கிறது.

நீங்கள் ஆதாரமாக நினைப்பது வேதாகமத்தில் 1 பேதுரு 3:3 ஆக இருக்கும். பின்னிய மயிர், பொன்னாபரணம், உயர்ந்த வஸ்திரம் இவை உங்களுக்கு அலங்காரமாயிருக்க வேண்டாம் என்று பேதுரு சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’ என்று அடுத்த வசனத்தில்தான் விஷயமே வருகிறது. தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது அதுதான் என்கிறார். கழுத்தில் நகை இல்லை, நாக்கில் சுடுசொல் குறையவில்லை என்றால், அந்தப் பகுதியில் பாதியைத்தான் கைக்கொண்டிருக்கிறோம். அதுவும் சுலபமான பாதியை.

எளிமையிலும் ஒரு பகட்டு உண்டு. உபவாசிப்பது பிறருக்குத் தெரியட்டும் என்று முகத்தை வாடவைத்துக்கொண்டவர்களை மலைப்பிரசங்கத்தில் இயேசு மாயக்காரர், அதாவது வேஷக்காரர் என்றார். நீயோ தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு என்றார். பட்டினி வெளியே தெரியவே கூடாதாம்!

இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன். அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று லூக்கா தன் சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னதை எழுதி வைத்தார். உள்ளே நடந்தது கொடுக்கல் வாங்கலில் தெரிந்தது.

பழைய மனுஷனைக் களைந்து புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளச் சொல்கிற எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில், களைய வேண்டியவை எவை என்றும் பவுல் சொல்லிவிடுகிறார்: பொய், பொழுது சாய்ந்தும் ஆறாத கோபம், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு. ஒரே நாளில் கழற்றிப் பெட்டியில் வைக்க இவற்றுக்குக் கொக்கி கிடையாது. உள்ளான மனுஷன் ‘நாளுக்குநாள்’ புதிதாக்கப்படுகிறான் என்று கொரிந்தியருக்கு அவர் எழுதியது சும்மா இல்லை.

சரி, முன்வரிசைக்கு வருவோம். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்த ஒருவன் கூடிவருகிற இடத்துக்கு வருவதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. மோதிரம் போட்டவனை அங்கே யாக்கோபு கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு நல்ல இடம் காட்டிவிட்டு, ஏழையைப் பாதபடியண்டை, அதாவது கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னவர்களைத்தான் பிடிக்கிறார். உங்கள் சபையிலும் பணத்தைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள் என்றால், தாராளமாகப் போதகரிடம் போங்கள், அந்த அதிகாரத்தை வாசித்தே காட்டுங்கள். அப்படி இல்லை, அவர்களாக வந்துதான் உட்காருகிறார்கள் என்றால், அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் போய் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். பெயர்கூடத் தெரியாது என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.