ஆளைக் கூட்டினால் வீடு சீக்கிரம் முடியுமா?

கேள்வி: சித்திரை கடைசியில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுகிறோம். ஆயிரம் சதுர அடியில் கான்கிரீட் வீடு, மாடி இல்லை. ஆவணியில் பால்காய்ப்பு வைத்துக்கொள்ளலாம், நாள் நெருங்கினால் ஆளைக் கூட்டிவிடுகிறேன் என்கிறார் காண்ட்ராக்டர். ‘பதறிய காரியம் சிதறும்’ என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, தக்கலை

பதில்: மாமனார் பேச்சை. ஆவணியை விட்டுவிட்டு, தை கடைசியில் நாள் பாருங்கள்.

ஆளைக் கூட்டினால் சுவர் வேகமாக எழும்பும். கான்கிரீட் வேகமாக இறுகாது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் வார்த்த கூரைக்கு, சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை என்றால், அடியில் தாங்கும் முட்டு 7 நாள் நிற்கவேண்டும். அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாகத்தான் வலுப்பெறும். அதற்கு இன்னும் சில நாள் விட்டே முட்டைப் பிரிக்கவேண்டும். தண்ணீர் நனைப்பும் 10 நாளுக்குக் குறையக்கூடாது. மழைதான் பெய்கிறதே என்று நனைப்பை விட்டுவிடுவார்கள், கவனியுங்கள். இடையில் வெயில் அடித்துக் காய்ந்தால் தளத்தில் முடி போன்ற மெல்லிய வெடிப்பு வரலாம்.

உங்கள் கல்குளம் பக்கம் ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வானத்தில் தண்ணீர் நின்றால் இறைத்து, சேற்றை வழித்தெடுத்த பிறகே கான்கிரீட் போடமுடியும். பூச்சு காயுமுன் பட்டி பார்த்தால் கொப்புளித்து உரியும். வெளிச்சுவர் பெயின்டை மார்கழி பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அயனி, பலா நிலைகளுக்கு மரத்தை இப்போதே அறுத்து நிழலில் அடுக்குங்கள். பச்சை மரம் பின்னால் சுருங்கி, கதவு சேராது.

ஒவ்வொரு வேலைக்கும் காண்ட்ராக்டரிடம் மூன்று கணக்குக் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, மழை பிடித்துக்கொண்டால். கூரைக்குப் பலகை அடித்துக் கம்பி கட்ட 10, 14, 30 நாள் என்கிறார் என்றால், நடு எண்ணை நாலால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுங்கள்: 16 நாள். இதோடு முட்டு நிற்கும் நாளையும் சேர்த்தால்தான் அது உண்மையான தேதி.

இடையில் நீங்களும் அகலக்கால் வைக்காதீர்கள். ஒரு சன்ஷேடு, ஒரு அலமாரி என்று எதைக் கூட்டினாலும், அதற்கு எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்கட்டும்.