புரியாத இடங்களை அஞ்ச வேண்டாம்

கேள்வி: வேற்று மொழி நாவல்களை ஆசையோடு வாங்குகிறேன். ஆனால் ‘ஆரோக்கிய நிகேதன’த்தில் ஐம்பது பக்கம் போவதற்குள் பெயர்களும் வழக்கங்களும் குழப்பிவிட்டன. வங்கத்தைப் பற்றி முதலில் ஏதேனும் படித்துவிட்டுத் தொடரலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தேவையில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். தாராசங்கர் பந்த்யோபாத்யாய எழுதி 1953இல் வெளிவந்து, த. நா. குமாரசுவாமியின் தமிழில் நமக்குக் கிடைத்த அந்த நாவல், தன் உலகத்தைத் தானே கற்றுத்தரும். பெயர்கள் நூறு பக்கங்களுக்குள் பழகிவிடும்.

புரியாதவற்றைவிட, புரிந்துவிட்டதாகத் தோன்றும் இடங்களில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும் என்பேன். நாடி பிடித்தே மரணம் நெருங்குவதை அறியும் முதியவர் ஜீவன் மஷாய்க்கும் புதிதாக வந்த இளம் டாக்டருக்கும் நேரும் மோதலை, நம் ஊர் நாட்டு வைத்தியத்துக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் இடையிலான பழைய வழக்காக எண்ணி நாம் எளிதில் கடந்துவிடுவோம். ஆனால், சாவை முன்கூட்டியே அறிந்து, உற்றாரிடம் விடைபெற்று, கங்கைக் கரையில் உயிர்விடுவதைப் பெரும்பேறாகக் கருதிய சமூகத்தில் அவர் வைத்தியம் பார்க்கிறார் என்பதை மனத்தில் இருத்தினால், சாவு நெருங்கியதை அறிவிக்கும், டாக்டருக்குக் கொடுமையாகப் படும் அவருடைய சொல் அந்த ஊராருக்கு ஏன் கடமையாகத் தோன்றுகிறது என்பது விளங்கும். அந்த நாவலின் ஆழமே அங்குதான் இருக்கிறது.

மாதங்களிலும் இதே கவனம் வேண்டும். வங்காளிகளின் வைசாகம் ஏப்ரல் நடுவில், நம் சித்திரையோடு பிறப்பது. அதை வைகாசி என்று கொண்டால் ஒரு நாவலின் பருவம் முழுவதுமே ஒரு மாதம் தள்ளிப்போய்விடும்.

அடுத்து, மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’ நாவலை, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சீறும் நம் கீழைக்கடலை அதில் தேடாதீர்கள். ஆலப்புழைக் கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சில இடங்களில் சேற்றுக்கரை திரண்டு, அலை அடங்கி, மீன் குவியும் ‘சாகர’ என்னும் காலம் உண்டு. கரைவாழ் மக்களின் கடனும் கல்யாணமும் அதை நம்பியே இருக்கின்றன. இந்த ஒன்றை அறிந்திருந்தால் போதும். மற்றதைக் கதையே சொல்லிவிடும். முன்னுரையை மட்டும் கடைசியில் படியுங்கள்.