ஸ்காட்லாந்து ஓட்கேக்கை வீட்டிலேயே சுடுவது எப்படி?

ஓட்ஸ் மாவை எப்படிப் பிசைந்தாலும் உதிர்ந்துகொண்டே போகிறது, ஸ்காட்லாந்து வீடுகளில் சுடுகிற ஓட்கேக் என்ற மெல்லிய ரொட்டி நம் வீட்டு அடுப்பில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். உதிர்வதற்குக் காரணம் உங்கள் கை இல்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஓட்ஸில் கிடையாது, அதனால் எவ்வளவு நேரம் பிசைந்தாலும் அது சப்பாத்தி மாவு மாதிரி இழுவைக்கு வராது. அதைச் சேர்த்துப் பிடிப்பது கொதிக்கிற தண்ணீரும் கொஞ்சம் கொழுப்பும்தான், அதுவும் சூடு இருக்கும் வரைக்கும்தான்.

நான் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். போன புதிதில் கடையில் வாங்கிய ஓட்ஸ் அவலைப் பொடித்து, குழாய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தேன், கல்லில் போட்டதும் நாலாகப் பிளந்தது. அப்புறம் பக்கத்து வீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிற்க வைத்துச் சுட்டுக் காட்டினார். அவர் முதலில் செய்தது கெட்டிலை அடுப்பில் வைத்ததுதான், மாவை அதற்குப் பிறகுதான் எடுத்தார்.

முதலில் ஓட்ஸ். பாக்கெட்டில் அவல் மாதிரி தட்டையாக வருவது இதற்கு ஆகாது. அதை ஆவியில் வேகவைத்து நசுக்கியிருப்பார்கள், தண்ணீர் பட்டவுடன் கூழாகிவிடும். ஸ்காட்லாந்தில் ஓட்மீல் என்றால் தானியத்தை உடைத்து அரைத்த குருணை. நைஸ், நடுத்தரம், பருமன் என்று பதம் பதமாகக் கிடைக்கும், ஓட்கேக்குக்கு நடுத்தரம். நம் ஊரில் ஸ்டீல் கட் ஓட்ஸ் வாங்கி மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் ரவையாகவும் இருந்தால் இன்னும் நல்லது, மாவு ஒட்டவைக்கும், ரவை கடிக்கக் கிடைக்கும்.

ஒரு ரொட்டிக்கு 125 கிராம் ஓட்மீல், கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு சிட்டிகை சமையல் சோடா, உருக்கிய கொழுப்பு இரண்டு டீஸ்பூன். பழைய வழக்கத்தில் பன்றிக் கொழுப்பு, இல்லையென்றால் வெண்ணெய். நடுவில் குழி செய்து கொழுப்பை ஊற்றி, கொதித்து இறக்கிய தண்ணீரை 70, 80 மில்லி அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கத்தியின் பின்புறத்தால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் உருட்டிவிட வேண்டும். இரண்டு ரொட்டிக்குச் சேர்த்துப் பிசைந்து வைக்காதீர்கள், முதலாவதைத் தட்டி முடிப்பதற்குள் இரண்டாவது ஆறி இறுகிப்போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கலப்பதுதான் அங்கே வழக்கம்.

பலகையில் ஓட்மீலைத் தூவி, உருண்டையை வைத்து, முதலில் விரல் முட்டிகளால் அழுத்துங்கள். ஓரத்தில் வெடிப்பு விடும். அந்த அம்மா இடது உள்ளங்கையை அணை மாதிரி ஓரத்தில் நிறுத்தி, வலது கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் வெடிப்பைக் கிள்ளிக் கிள்ளி மூடிக்கொண்டே ரொட்டியைச் சுற்றுவார், ஒரு சுற்று முடிந்ததும் குழவியை ஒரே ஒரு தடவை ஓட்டுவார், மறுபடி கிள்ளுவார். இந்தக் கிள்ளலை விட்டுவிட்டு வேகமாகத் தேய்த்தால் கல்லுக்கு மாற்றும்போது உடையும். சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் சின்ன வட்டம், அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த கனம் வந்தால் போதும். நாலாக வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஃபார்ல் என்று பெயர், பழைய ஸ்காட்ஸ் மொழியில் நாலில் ஒரு பங்கு என்று பொருள்.

சுடுவதற்கு அவர்கள் வைத்திருப்பது கிர்டில், வளைந்த கைப்பிடி போட்ட வட்டமான இரும்புக் கல். ஃபைஃப் பகுதியில் கூரஸ் என்ற சின்ன ஊர் இந்தக் கல்லுக்குப் பேர்போனது, 1599இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் அதைச் செய்யும் தனி உரிமையையே அந்த ஊருக்குக் கொடுத்தார். உங்கள் இரும்புத் தோசைக்கல் அந்த வேலையை அப்படியே செய்யும். எண்ணெய் தடவ வேண்டாம். நடுத்தரத் தீயில் ஒரு பக்கம் மட்டும் நாலைந்து நிமிடம், ஓரங்கள் மேல்நோக்கி வளையும் வரை. திருப்பிப் போடக் கூடாது. பழைய வீடுகளில் மேல்பக்கத்தைத் தீக்கு முன்னால் சாய்த்து நிறுத்திக் காயவிடுவார்கள், நமக்கு ஓவனில் 150 டிகிரியில் கால் மணி நேரம். என்னைக் கேட்டால் ஓட்கேக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இது சிவக்க வேண்டிய ரொட்டி இல்லை, காய வேண்டிய ரொட்டி. பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கசப்பு ஏறிவிடும்.

இப்படி ஈரமே இல்லாமல் காயவைப்பதால்தான் நாள் கணக்கில் கெடாமல் இருக்கிறது. முன்பு வீட்டில் ஓட்மீல் வைக்கும் மரப்பெட்டிக்குள், அந்த மாவிலேயே புதைத்து வைப்பார்களாம், மொறுமொறுப்புப் போகாது. 14ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் படைவீரர்களைப் பற்றி பிரெஞ்சு மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர்கள், ஒவ்வொரு குதிரைவீரனும் சேணத்தில் ஒரு இரும்புத் தகடும் ஒரு பை ஓட்மீலும் கொண்டுபோனதை வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் குளிரிலும் மழையிலும் கோதுமை சரியாக விளையாத இடங்களில் ஓட்ஸும் பார்லியும் விளைந்தன, அதனால்தான் இந்த ரொட்டிகள்.

பார்லி என்றதும் நினைவுக்கு வருவது பானக், அதே கல்லில் சுடும் கொஞ்சம் கனமான பார்லி ரொட்டி. வீடியோ தேடினால் கனடாவின் பானக்தான் நிறைய வரும், குழம்பிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் சுடுவது பேர் (bere) என்ற பழைய பார்லி ரகத்தின் மாவில், அங்கே பர்சே என்ற இடத்தில் 1873இல் கட்டிய பேரனி மில் என்ற நீராலை இன்றும் அதை அரைத்துக் கொடுக்கிறது. இரண்டு பங்கு பார்லி மாவு, ஒரு பங்கு மைதா, சோடா, உப்பு, கெட்டி மோர். தளர்வாகப் பிசைந்து ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து நிமிடம். சாதாரண பார்லி மாவில் பக்குவம் வந்துவிடும், ஆனால் பேர் மாவின் அந்த மண்வாசனை வராது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பானக்கைச் சூடாக அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஓட்கேக்கை நன்றாக ஆறவிட்டு, வெண்ணெய் தடவி, ஒரு துண்டு சீஸ் வைத்துச் சாப்பிடுங்கள். மறுநாள் நமத்துப்போயிருந்தால் வெறும் கல்லில் மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து ஆறவிடுங்கள், உடைத்துப் பார்த்தால் மளுக்கென்று சத்தம் வர வேண்டும்.