இரண்டு ஈரப்பதமானிகளில் எதை நம்புவது?

வணக்கம் சகோ. மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி 48%, மற்றொன்று 61% காட்டுகிறது என்கிறீர்கள். பினாங்கு ஈரத்தில் இது சின்ன விஷயமில்லை. 61 உண்மையென்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கலாம். இரண்டையுமே இப்போதைக்கு நம்பாதீர்கள், முதலில் உப்பை வைத்துச் சோதியுங்கள்.

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் சோதனையே வீண், ஈரப்பதம் கூடுதலாகக் காட்டும். மூடியையும் இரண்டு மானிகளையும் காற்றுப் புகாத, வெளியிலிருந்து பார்க்கக்கூடிய டப்பாவில் வைத்து மூடுங்கள். உப்புநீர் சென்சாரில் படக்கூடாது. 12 மணி நேரம் கழித்து, திறக்காமலே படியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் உள்ளே ஈரப்பதம் 75% இருக்கும். 81 காட்டினால் 6 கழிக்க வேண்டும்.

ஏர்கான் போட்டு அணைக்கும் அறை வேண்டாம். 1 டிகிரி மாறினாலே தற்காலிகமாக 4, 5 புள்ளி நகரும்.

ஆனால் 75இல் உள்ள பிழையே 45இலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மலிவான டயல் வகையில் இது அதிகம். மக்னீசியம் குளோரைடு கிடைத்தால் இதே முறையில் செய்யுங்கள். அது சுமார் 33% தரும். எப்சம் உப்பு வேறு, அது மக்னீசியம் சல்பேட். அதை வாங்கிவிடாதீர்கள்.

திருத்திய அளவு 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் லென்ஸுக்கு நல்லது. 60ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை உடனே மாற்றுங்கள்.