ஸ்டோர்க்காரரின் நோட்டு

வணக்கம் அம்மா,

வங்கி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இப்போது எங்கள் கம்பெனியில் ஈஆர்பி கொண்டுவருகிறோம். கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் வர வேண்டும். ஏப்ரல் 1 கோ-லைவ், அதாவது அன்றிலிருந்து எல்லாரும் புது மென்பொருளில்தான் வேலை பார்க்க வேண்டும். நான்தான் புராஜெக்ட் மேனேஜர். வயது 31.

மற்ற துறைகள் ஓரளவு வந்துவிட்டன. ஸ்டோர் மட்டும் வரவில்லை. அங்கே 26 வருஷமாக இருக்கும் ஒருவர் தன் நீள நோட்டை விடமாட்டேன் என்கிறார். நீல மையிலும் சிவப்பு மையிலுமாக என்னவோ எழுதி வைத்திருக்கிறார். பயிற்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் 'இது நம்ம ஸ்டோருக்குச் சரிப்படாது தம்பி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லைன் சூப்பர்வைசர்களும் அவர் பக்கம்தான். ஆலோசகர்கள் இதை 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா என்று மேலே கேட்கிறார்கள். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

இப்படிப்பட்டவர்களின் மனநிலையை எப்படி மாற்றுவது? 70 சதவீத மாற்ற முயற்சிகள் தோற்றுப்போகின்றன என்று படித்தேன். வேலையைச் சிறு சிறு கட்டமாகச் செய்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில் போயிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதோ? சேஞ்ச் மேனேஜ்மென்ட் சான்றிதழ் படிப்பில் சேரலாமா? நல்ல புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் இன்றிரவு தூங்குங்கள். ஏப்ரல் 1 போனால் மே 1 வரும். ஒரு மென்பொருளுக்காக இந்த வயதில் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அம்மா சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் பழைய வங்கித் தோழி ஒருத்தியோடு போனில் எங்கள் கிளையின் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட தஃப்தரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து மனசில் கிடக்கிறது. அதனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் இதில் பதில் இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த 70 சதவீதத்தை மறந்துவிடுங்கள். 1993இல் வந்த ஒரு நிர்வாகப் புத்தகத்தில், இது அறிவியல் முறையில் எடுத்த கணக்கு இல்லை என்று எழுதியவர்களே சொல்லிவிட்டு, வேலைமுறையை அடியோடு மாற்றப் புகுந்த நிறுவனங்களில் 50 முதல் 70 சதவீதம் வரை நினைத்த பலனை அடையவில்லை என்று ஓர் உத்தேசம் சொன்னார்கள். கைமாறிக் கைமாறி உத்தேசம் உதிர்ந்துவிட்டது, 70 மட்டும் நின்றுவிட்டது. அதை நம்பி ராத்திரி விழித்திருக்க வேண்டாம். அஜைலில் போயிருந்தாலும் அந்த மனிதரைக் கேட்காமல் போயிருந்தால் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பீர்கள். சான்றிதழ் படிப்பில் சேருவது உங்கள் விருப்பம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவருடைய நோட்டு நீளமானது என்று இருக்கிறது. மையின் நிறம் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்பது இல்லை. 'என்னவோ' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனிதர் 26 வருஷம் எழுதியதை நீங்கள் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் மனநிலையை மாற்ற வழி கேட்கிறீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் 'நம்ம ஸ்டோருக்கு' என்று சொன்னார். உங்களையும் சேர்த்துச் சொன்ன 'நம்ம' அது. எதிர்க்கிறவர் அப்படிப் பேசமாட்டார். ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதை உங்கள் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறார்.

இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் செய்ததை நானும் செய்தேன்.

1983இல் ஓர் அரசு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வங்கிகளில் எந்த அளவுக்கு இயந்திரம் வைக்கலாம் என்று நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அந்த வருஷம்தான் ஒப்பந்தம் ஆனது. அடுத்த வருஷம், வங்கிகளில் கம்ப்யூட்டர் கொண்டுவருவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று வாயிற்கூட்டங்களில் நானும் கோஷம் போட்டிருக்கிறேன். அப்புறம் பேரேட்டுக் கணக்கைப் பதிந்து கூட்டும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. எங்கள் வேலை போகவில்லை. பேரேடுகளைக் கூட்டிக் கூட்டி, பத்துப் பைசா வித்தியாசத்தை ராத்திரி ஒன்பது மணி வரை தேடும் வேலைதான் போனது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பத்துப் பைசாவைத் தேடியவள் நான். கம்ப்யூட்டரின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

2006இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஊர்க் கிளையில் ஆபீசராக இருந்தேன். கோர் பேங்கிங் வந்தது. கிளைக் கணக்குகள் எல்லாம் ஒரே மைய சர்வருக்குப் போக வேண்டும். எங்களுக்கென்று ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினார்கள். சனிக்கிழமை கவுண்டர் மூடியதும் டேட்டாவை எடுத்து, திங்கள் காலை புது சிஸ்டத்தில் கவுண்டரைத் திறக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வாரம் டேட்டாவைச் சுத்தம் செய்வதற்கு. பொறுப்பு என்னுடையது.

ஓர் ஆளுக்கு ஒரே வாடிக்கையாளர் எண்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவருக்குச் சேமிப்புக் கணக்கு, நகைக்கடன், பயிர்க்கடன் என்று மூன்று இருந்தால் மூன்றும் அந்த ஓர் எண்ணின் கீழ் வந்துவிட வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி, நாலும் ஒத்துப்போனால் ஒரே ஆள். ஆனால் எங்கள் பேரேடுகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே கிடையாது. காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்காது. ஜனவரி 1, 1950 என்று போடச் சொன்னார்கள், போட்டோம். ஊரோ, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர். ஒரே குலசாமியின் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்.

எங்கள் தஃப்தரி எட்டாவது வரை படித்தவர். பேரேடு தைப்பது, வவுச்சர் கட்டுவது, ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரண்டாவது வாரத்தில் ஒரு பழைய பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். 'மேடம், இதுல பென்சில்ல எழுதியிருக்கதையும் ஏத்துவாவளா?' என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் வந்தார். மூன்றாவது முறை, வட்டார அலுவலகத்திலிருந்து வந்திருந்த குழுவின் முன்னாலேயே, 'ரெண்டு நாள் தள்ளிவைக்க முடியாதா?' என்றார். குழுவில் இருந்த பையன் என்னைப் பார்த்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை அனுப்பிய நிலை அறிக்கையில் 'கடைநிலை ஊழியரின் ஒத்துழைப்பு இல்லை' என்று என் கையால் எழுதினேன்.

திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் மூவாயிரம் ரூபாய் எடுக்க வந்தார். பயிர்க்கடன் பாக்கி இருக்கிறது, பணம் தர முடியாது என்று கவுண்டரில் சொன்னார்கள். 'நான் கடனே வாங்கலியேம்மா' என்றார். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அவளுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? பெரியவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவர் ஊர்க்காரர்கள். அவர் சண்டை போடவில்லை. பாஸ்புக்கைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

தஃப்தரி பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து, கையைப் பற்றிக் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்தார். 'இவரு பனங்காட்டுக்காரரு மேடம். லோன் வாங்குனது செக்கடிக்காரரு' என்று மட்டும் சொன்னார். பழைய பேரேட்டைத் திறந்தோம். ஒரே பெயர், ஒரே தகப்பனார் பெயர், ஒரே ஊர், இரண்டு பக்கங்கள். ஒன்றின் ஓரத்தில் பென்சிலில் 'செக்கடி', மற்றதில் 'பனங்காடு'. அப்படியே பக்கங்களைப் புரட்டினேன். 'மூத்த சம்சாரத்து மகன்.' 'இடது பெருவிரல்.' 'மகள் கூட வந்தால் மட்டும் கொடுக்கவும்.' எனக்கு முன்னால் அந்தக் கிளையில் வேலை பார்த்த எத்தனையோ கிளார்க்குகளின் கையெழுத்து. அதில் ஒரு வரிகூடப் புது சிஸ்டத்துக்குப் போகவில்லை.

பெரியவருக்கு அன்றே பணம் கொடுத்தோம். அடுத்த வாரம் வந்து கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். இருபது வருஷத்துக் கணக்கு. அதன்பின் பல நாள் சாயங்காலங்களில் நானும் இரண்டு கிளார்க்குகளும் தஃப்தரியோடு ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து, இப்படி ஒன்றாக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தோம். அவர் ஒருமுறைகூட 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. நான் அறிக்கையில் எழுதிய வரியும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த 'எதிர்ப்பு' என்ற சொல் என்னை விடவே இல்லை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். 1948இல் வெளியான ஓர் ஆய்வை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் என்ற ஊரில் ஒரு பைஜாமா ஆலை. இஸ்திரி போடுகிறவர்கள் அதுவரை துணியை அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கி வந்தார்கள். இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். கூட்டம் போட்டார்கள், காரணத்தை விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். நீங்கள் பயிற்சி கொடுத்தீர்களே, அதுபோலத்தான். உற்பத்தி சரிந்தது, எழவே இல்லை. முதல் 40 நாளில் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். வேறு இரண்டு குழுக்களில் வேலையை எப்படி மாற்றலாம் என்பதையே தொழிலாளிகளோடு உட்கார்ந்து முடிவு செய்தார்கள். சில நாளிலேயே பழைய வேகம் திரும்பியது, பிறகு அதையும் தாண்டிச் சுமார் 14 சதவீதம் கூடியது. ஒருவரும் வேலையை விடவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இதற்கடுத்த பகுதியை. முதலில் சரிந்த குழுவில் மிச்சமிருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடி சேர்த்து, இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்தமுறை அவர்களையும் கலந்துகொண்டு. அவர்களும் மளமளவென்று மேலே வந்துவிட்டார்கள். அதே ஆட்கள். அவர்களுடைய மனநிலையை யாரும் மாற்றவில்லை. கேட்கும் முறைதான் மாறியது.

உங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் கார் ஆலை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982இல் மூடியபோது தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டாராம். 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து அதைத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளிகள், அதே சங்கம். கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், சரியாகாவிட்டால் மொத்த லைனும் நிற்கும் என்றார்கள். வேலைக்கு வராதவர்கள் 2 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோனார்கள். எங்கள் தஃப்தரி என் வாசலுக்கு மூன்று முறை வந்து இழுத்ததும் அந்தக் கயிற்றைத்தான் என்று இதைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் ஸ்டோருக்கு வருகிறேன். அவரை மாற்றிவிடலாம் என்று மேலே சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அவர் போனால் நோட்டும் போகும். ஏப்ரல் 2ஆம் தேதி கம்ப்யூட்டர் காட்டும் கையிருப்பு ஒன்றாகவும் ரேக்கில் இருப்பது வேறாகவும் இருக்கும். அப்போது லைன் நின்றால் கேட்க ஆள் இருக்காது. உங்கள் தொழிலின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் போல்ட்டைக் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுப்பார்கள் என்றும், ஒரு கிலோவுக்கு எத்தனை என்பது சப்ளையருக்குச் சப்ளையர் மாறும் என்றும் என் தம்பி மகன் சொல்கிறான். உங்கள் மென்பொருளில் அதற்கு ஓர் எண்தான் போட்டிருப்பீர்கள். அவர் நோட்டில் எத்தனை எண் இருக்கிறதோ.

நாளைக்கே போங்கள். லேப்டாப் வேண்டாம், ஆலோசகர்கள் வேண்டாம். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போய் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். 'அண்ணே, இதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். முதல் நாள் காட்டமாட்டார். மறுநாளும் போங்கள். இதற்காகக் கோ-லைவ் தள்ளிப்போகும் என்றால், ஏன் தள்ளிப்போகிறது என்று உங்கள் பெயரில் எழுதி மேலே அனுப்புங்கள். ஆலோசகர்களின் அறிக்கையில் இருக்கும் அந்த 'எதிர்ப்பு' என்ற வரியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது அவர் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

புத்தகங்கள் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும், மறக்காமல் எழுதுங்கள். அவர் சிவப்பு மையில் எதை எழுதி வைத்திருக்கிறார்?