மருந்துப் பெட்டி: குளிசை போடக்கூடாத நாள் எது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசைகளைப் பற்றியவை. முப்பது வருடத்துக்கு மேல் பாமசி கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். சாப்பாட்டுக்கு முதலா பிறகா, காலையா இரவா என்று எல்லாரும் கேட்பார்கள். எந்த நாளில் இதைப் போடாமல் விட வேண்டும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். பெரிய ஆபத்துகள் வருவது அந்த நாட்களில்தான்.

அக்கா, அம்மாவுக்கு 72 வயது. பல வருடமாக கிளிபென்கிளமைட் போடுகிறார். போன கந்தசஷ்டிக்கு விரதம் இருந்தார், இரவில் பாலும் பழமும் மட்டும். "முருகனுக்குத்தான் விரதம், மருந்துக்கு என்ன விரதம்" என்று குளிசையைத் தவறவிடவில்லை. நாலாம் நாள் விடிய நாலு மணிக்கு உடுப்பெல்லாம் தொப்பலாக நனைந்து, என்னைப் பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீற்றரில் 41. சீனி போட்ட தேத்தண்ணி பருக்கினோம், 118க்கு வந்தது, எல்லாரும் படுத்துவிட்டோம். ஏழு மணிக்கு அசைவில்லை. பார்த்தால் 46. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு மறித்து வைத்தார்கள். ஏறின சீனி ஏன் திரும்ப இறங்கியது? (வெள்ளவத்தை வாசகி)

தங்கச்சி, நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் மீற்றரைத் தேடி எடுத்துக் குத்திப் பார்த்தீர்களே, அதுதான் அம்மாவைக் காப்பாற்றியது. எத்தனையோ வீடுகளில் விரதக் களைப்பு, படுக்கட்டும் என்று போர்த்திவிட்டுப் போயிருப்பார்கள்.

கிளிபென்கிளமைட் செய்வது, கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை போட்டால் ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்யும். உடம்பு அதை உடைத்த பிறகு மிஞ்சுகிற எச்சங்களும் சீனியைக் குறைக்கும், அவற்றில் பாதியளவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், வயதுபோனவர்களின் சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் செய்யும். தேத்தண்ணிச் சீனி இரத்தத்தில் ஏறியதும் கணையம் அதைக் கண்டு இன்னும் இன்சுலினை விட்டது, தேத்தண்ணி தீர்ந்துவிட்டது, குளிசை தீரவில்லை. அதனால்தான் இந்த வகைக் குளிசையால் சீனி இறங்கி ஆள் தடுமாறினால், தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறோம். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு நாளோ இரண்டு நாளோ பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த வகையில் கிளிக்லசைட்டைத்தான் வைத்திருக்கிறார்கள், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு கிளிபென்கிளமைட் பொருந்தாது என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அடுத்த கிளினிக்கில் நடந்ததைச் சொல்லி, இதை மாற்ற முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அம்மா பிரஷருக்கு அற்றெனோலோல் போன்ற மருந்து எடுக்கிறாரா என்றும் பாருங்கள், அது நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். கோட்ரைமொக்சசோல், சிப்ரோஃப்ளொக்சசின், கிளாரித்ரோமைசின் என்று கிருமிக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இந்தக் குளிசையோடு சேர்ந்தால் சீனியைப் பாதாளத்துக்கு இறக்கும், சளிக்கோ சலக்கடுப்புக்கோ வேறு டொக்டரிடம் போகும்போது சீனிக் குளிசையின் பெயரைச் சொல்லாமல் வரக்கூடாது.

இனி எப்போதாவது 70க்குக் கீழே கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியைச் சுணங்க வைக்கும். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை, ஏறியதும் பாணோ இடியப்பமோ சாப்பிடக் கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், சரித்துப் படுக்க வைத்து அம்புலன்சுக்கு 1990 அடியுங்கள்.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த ஆறு நாளும் பெரிது. ஆனால் ரமழான் நோன்பு பிடிக்கும் முஸ்லிம் ஆட்கள் பலர் முன்கூட்டியே டொக்டரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நாமும் சஷ்டிக்கு ஒரு மாதம் முதல் அதைச் செய்யலாமே. அம்மாவின் வயதுக்கும் இப்போது நடந்ததற்கும், விரதமே வேண்டாம் என்றுகூட டொக்டர் சொல்லலாம். சொன்னால் கேளுங்கள்.

அண்ணாவுக்கு பித்தப்பைக் கல் ஒபரேஷன். எம்பாக்ளிஃப்ளோசின் போடுபவர். ஒபரேஷனுக்கு முதல்நாள்வரை போட்டார், யாரும் மறிக்கவில்லை. அடுத்த நாள் ஒரே சத்தி, வயிற்றுவலி, மூச்சு இழுத்து இழுத்து. சீனி 170தான், ஆகவே சீனியால் இல்லை என்று இருந்துவிட்டோம். பிறகு கீற்றோன் என்றார்கள். 170இல் எப்படி? (பம்பலப்பிட்டி வாசகர்)

இந்த வருத்தத்தின் பெயர் கீற்றோஅமிலத்தன்மை. சாதாரணமாக சீனி 300, 400 என்று ஏறினால்தான் அதை நினைப்பார்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் எல்லாம் சீனியைச் சிறுநீரில் கழித்துவிடும் மருந்துகள், அதனால் மீற்றரில் காட்டுவது நல்ல எண்ணாக இருக்க, உள்ளே உடம்பு இன்சுலின் போதாமல் கொழுப்பை எரித்து கீற்றோன் என்ற அமிலத்தைக் குவித்துக்கொண்டிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதமே இதை எச்சரித்தது, 2020இல் இன்னும் தெளிவாக, திட்டமிட்ட ஒபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முதல் இந்த இரண்டையும் நிறுத்த வேண்டும் என்று சொன்னது. பட்டினி கிடக்கும்போதும், சத்தி வயிற்றோட்டம் வந்து எதுவும் இறங்காதபோதும் அப்படித்தான். சத்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு மூன்றும் சேர்ந்தால் மீற்றரை நம்பாமல் கீற்றோன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதே மருந்தில் இன்னொன்று உண்டு, கூச்சத்தில் ஆட்கள் சொல்லாமல் விடுவது. மறைவிடத்தில் தாங்க முடியாத நோவு, சிவப்பு, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மிக அரிதுதான், ஆனால் சதை அழுகிப் போகும் தொற்று என்று 2018இல் எச்சரிக்கை வந்தது. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பயந்துபோய் இந்த மருந்தை ஒரேயடியாக வீசவும் வேண்டாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் நன்மை பெரிது. இன்சுலின் போடுபவர்கள் மட்டும், சத்தியென்றாலும் சொந்தப் புத்தியில் இன்சுலினை நிறுத்தக்கூடாது. டொக்டரிடம் கேட்டு அளவை மாற்றுங்கள்.

மெற்ஃபோமின் கிட்னியைப் பழுதாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். சரிதானே? (தெஹிவளை வாசகர்)

இல்லை ஐயா, சரியில்லை. மெற்ஃபோமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதாகியிருந்தால் மெற்ஃபோமின் வெளியே போகாமல் தேங்கும், அப்போது லக்டிக் அமிலம் கூடி ஆளையே கொண்டுபோகக்கூடும். கதை தலைகீழாகப் பரவிவிட்டது. அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. இதே குடும்பத்தில் ஃபென்ஃபோமின் என்றொரு மருந்து இருந்தது, அதனால் இந்த அமில வருத்தம் வந்து பலர் இறந்தார்கள், 1977இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுத்தது. மெற்ஃபோமினில் அது மிகவும் குறைவு.

உங்கள் இரத்த றிப்போட்டில் இ.ஜி.எஃப்.ஆர் என்று, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 30க்குக் கீழே போனால் மெற்ஃபோமின் கூடாது, 45க்குக் கீழே என்றால் டொக்டர் அளவைக் குறைப்பார். சத்தி வயிற்றோட்டத்தில் உடம்பு காய்ந்துபோன நாட்களிலும் நிறுத்தி வைக்க வேண்டும். மை ஊசி போட்டு ஸ்கான் எடுக்கப் போனால் மெற்ஃபோமின் போடுகிறேன் என்று முதலே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் போடுங்கள். இந்தக் கிழமையே சீனியையும் அந்த எண்ணையும் பார்த்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள், இரண்டு மாதம் மருந்தில்லாமல் இருந்ததை ஒளிக்க வேண்டாம்.

கொவ்வை இலைச் சம்பல் தினமும் சாப்பிடுகிறேன், கிளிக்லசைட்டும் போடுகிறேன். இலைதானே, என்ன செய்யும்? (மட்டக்குளி வாசகி)

சீனியைக் குறைக்கும் என்றுதானே அதைச் சாப்பிடுகிறீர்கள் அம்மா, குறைக்கிற இன்னொன்றோடு சேர்ந்தால் இரட்டிப்பாகக் குறைக்காதா? தெபு இலைக்கும் பாகற்காய்ச் சாற்றுக்கும் இதேதான். ஒரு கறியாக எப்போதாவது சாப்பிட்டால் பரவாயில்லை, மருந்துபோலத் தினமும் என்றால் டொக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு கிளினிக்கிலும் மருந்து, தனியார் டொக்டரிடமும் மருந்து. உறையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிறுக்கியிருக்கிறது. எதை எதோடு போடுகிறார் என்று எங்களுக்கே விளங்கவில்லை. (கொட்டாஞ்சேனை வாசகர்)

ஒரு நாள் பின்னேரம் ஒரு பெரியவர் தலைச்சுற்று என்று சொல்லி, மகன் பிடித்துக்கொண்டு வர, எங்கள் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து கடதாசி உறைகளை எடுத்துக் கண்ணாடி மேல் பரப்பினார். ஓர் உறையில் கிளிக்லசைட், மற்றதில் டயமைக்ரோன். இரண்டும் ஒரே மருந்து, ஒன்று மருந்தின் பெயர், மற்றது கம்பனி அதற்கு வைத்த பெயர். மூன்று கிழமையாக இரண்டையும் போட்டிருக்கிறார். குத்திப் பார்த்தால் 52.

அப்பாவின் எல்லா உறைகளையும், அட்டைகளையும், ஆயுர்வேத மருந்து இருந்தால் அதையும் ஒரே பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு பக்கத்துப் பாமசியில் கொண்டுபோய் வையுங்கள், ஆள் குறைந்த பிற்பகல் நேரமாகப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் மருந்தின் பெயர், எந்த வருத்தத்துக்கு, எப்போது போடக்கூடாது என்று கேட்டு, உறையின் மேல் தமிழில் பேனையால் நீங்களே எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு இருந்தால் அன்றைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கள்.