மாடித் தொட்டியில் ஆரைக்கீரை ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: வயல் வாய்க்காலில் இருந்த ஆரைக்கீரையை வேரோடு எடுத்து வந்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகிக் கருகுகின்றன. என்ன செய்யலாம்? (திருவாரூர் மாவட்ட விவசாயி)

பதில்: பிடுங்கி நட்டால் பழைய இலை கருகுவது வழக்கம்தான், அதற்காகக் கவலை வேண்டாம். கொடியின் கணுவில் சுருண்ட புதுக்குருத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் செடி பிழைத்துவிட்டது. தெரியாவிட்டால் தொட்டியை மாற்றுங்கள். அடியில் ஓட்டை உள்ள தொட்டியும் நார்க்கழிவும் மற்ற கீரைகளுக்குச் சரி, சேற்றில் வளரும் இதற்கு ஒத்துவராது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் வடிந்துவிடும். ஓட்டையை அடைத்தாலும் நார்க்கழிவு மிதக்கும்.

ஓட்டை இல்லாத அகலமான பிளாஸ்டிக் டப் போதும். அடியில் நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு கை, அதன்மேல் அரையடிக்கு வயல் களிமண். பச்சைச் சாணம் வேண்டாம், தண்ணீர் நாறிப் பாசி பிடிக்கும். மூன்று நான்கு கணு உள்ள கொடித் துண்டுகளைச் சேற்றில் படுக்க வைத்து லேசாக அழுத்துங்கள். மண்ணுக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கட்டும். அதிகம் நிறுத்தினால் இலை மிதக்கும், குறைவாக இருந்தால் காம்பு நிமிர்ந்து நிற்கும். பறிக்கவும் நிமிர்ந்ததுதான் வசதி. நல்ல வெயில் படட்டும். கொசுவுக்கு நாலைந்து கப்பி மீன் விடுங்கள்.

இன்னொன்று. கொடி எடுத்த வாய்க்காலை ஒட்டிய வயலில் அண்மையில் களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். நெல்லுக்கு அடிக்கும் சில மருந்துகளில் ஆரையும் சாகும். அப்படியென்றால் தொட்டியை மாற்றிப் பயனில்லை, வேறு இடத்துக் கொடிதான் வேண்டும். சாக்கடை கலக்கும் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள், கன உலோகங்களை இது உறிஞ்சிக்கொள்ளும்.

பறிக்கும்போது காம்போடு கிள்ளுங்கள், கொடியை இழுக்க வேண்டாம். பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக வேக வைத்துச் சமையுங்கள்.

விதைக்குக் காத்திருக்காதீர்கள். இது பெரணி இனம், பூக்காது. தண்ணீர் வற்றும்போது காம்படியில் மிளகு போலக் கெட்டியான காய்கள் வரும், விதைக்குப் பதிலாக இது பரவ உதவும் நுண்ணிய வித்துகள் (ஸ்போர்) அதற்குள்தான். கோடையில் டப் காய்ந்து செடி மறைந்தாலும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், மறுபடி தண்ணீர் கட்டினால் பெரும்பாலும் துளிர்க்கும். டப் நிறைந்தபின் கழிக்கும் கொடியை நடவு வயலில் வீசாதீர்கள். அங்கே அது களை.